இழைத்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்

கேள்வி: தாத்தா காலத்து ஓட்டு வீட்டைப் பிரிக்கிறோம். உத்தரம், கைமரம், நிலை எல்லாம் புகையேறிக் கறுத்துக் கிடக்கின்றன. பார்க்க வந்த வியாபாரி, 'எல்லாம் காட்டுமரம், விறகு விலைக்குத்தான் எடுப்பேன்' என்கிறார். என்ன மரம் என்று நாங்களே தெரிந்துகொள்ள முடியுமா?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முடியும் அம்மா. அதுவரை வியாபாரியிடம் முன்பணம் வாங்காதீர்கள்.

இருபது வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டைப் பிரித்தபோது நானும் இப்படி ஏமாந்தவன்தான். நெல்மணியைப் பார்த்து ரகம் சொல்லத் தெரிந்த எனக்கு, தலைக்கு மேல் கிடந்த உத்தரம் என்ன மரம் என்று தெரியவில்லை. எடைக்குப் போட்டுவிட்டேன். ஒரு மாதம் கழித்துப் பக்கத்து ஊர்ப் பட்டறையில் அதே உத்தரம், பழைய ஆணித் துளையோடு, கதவுப் பலகையாக அறுபட்டு நின்றது. தேக்கு! கூட வந்த அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. பலகையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

பழைய மரத்தின் மேல்நிறத்தை நம்பக் கூடாது. புகையும் எண்ணெயும் வெயிலும் பட்டால் எல்லா மரமும் ஒரே நிறம்தான். ஆசாரியிடம் சொல்லி இரண்டு இடங்களில் இழைக்கச் சொல்லுங்கள். ஒன்று, நீளவாக்கில் உள்ளங்கை அகலம். மற்றொன்று, மரத்தின் முனை. முனையைக் கூர்மையான உளியால் சீவி, லேசாக ஈரம் தொட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. நிறம், ரேகை, முனையில் தெரியும் துளைகள், வாசனை ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

தேக்கு: பொன் கலந்த பழுப்பு நிறம். முனையில் வருட வளையம் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும். தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு. சீவியதும் பழைய தோல் வாசனை வரும்.

வேங்கை: மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், கருங்கோடுகள் ஓடும். சீவலைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் பிடியுங்கள். தண்ணீர் பழுப்பாக இருந்தாலும் ஓரத்தில் நீலம் மினுங்கும்.

பலா: புதிதாக இழைத்த இடம் நல்ல மஞ்சள். நாள்பட நாள்படப் பழுப்பாகிவிடும். அதனால்தான் பழைய பலாவைத் தேக்கென்றும் சொல்வார்கள், ஒன்றுக்கும் உதவாத மரமென்றும் சொல்வார்கள்.

வாகை: கரும்பழுப்பில் வெளிறிய பட்டைகள் மாறி மாறி வரும். முனையில் துளைகளைச் சுற்றி வெளிர்நிற வளையம் தெரியும். அறுக்கும்போது தூள் மூக்கில் ஏறித் தும்மல் வரும்.

வேம்பு: உள்ளே செம்மை. ரேகை பின்னிப் பின்னி ஓடுவதால் இழைப்புளி அங்கங்கே சிராய் கிளப்பும்.

பனை: இதில் வளையமே கிடையாது. முனையெங்கும் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். ஓரத்தில் நெருக்கமாக, நடுவில் கலக்கமாக இருக்கும். கைமரத்தில் பெரும்பாலும் இதுதான்.

பிறகும் சந்தேகம் இருந்தால், வைரப்பகுதியில் ஒரு துண்டு வெட்டி, மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியிலோ பெங்களூரு மர அறிவியல் நிறுவனத்திலோ கேளுங்கள். ஒரே வீட்டில் நான்கு வகை மரம் இருப்பது சாதாரணம். உத்தரம் வேறு, கைமரம் வேறு என்று பிரித்து அடுக்கி, தனித்தனியாக விலை பேசுங்கள்.

கேள்வி: தேக்கு என்று வாங்கிய நிலையை ஈரத்துணியால் துடைத்தால் சாயம் ஒட்டுகிறது. போலியா?
- வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: சாயம் ஒட்டுவதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வேங்கையும் ஈரம் பட்டால் தானாகவே மஞ்சள் விடும். நிலையின் அடிமுனையை உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள். மேலே சொன்ன துளை வரிசை இருந்தால் தேக்குதான். ஆனால் உள்ளே வெளிறிப்போய் இருந்தால், அது இளமரத்தின் வெள்ளைப் பகுதி. அதை மறைக்கத்தான் சாயம் பூசியிருப்பார்கள். தேக்கே ஆனாலும் வெள்ளைப் பகுதியைக் கறையான் விடாது. அடுத்த முறை சாயமோ பாலிஷோ போடாத மரமாகக் கேட்டு வாங்குங்கள். 'தேக்கு' என்பதோடு நிறுத்தாமல், 'வைரம் எவ்வளவு' என்றும் கேளுங்கள்.