கைபேசியில் விரல் பட்டு எடைக் கணக்கு மறைகிறதே, என்ன செய்வது?

கேள்வி: எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் கொள்முதல் மையத்தில் தக்காளி எடையைக் கைபேசிச் செயலியில் பதிகிறோம். எங்கள் ஊர்ப் பட்டதாரித் தம்பி ஒருவர்தான் அந்தச் செயலியை எழுதிக் கொடுத்தார். பட்டியலில் ஒரு வரியை விரலால் ஓரமாகத் தள்ளினால் அது நீங்கிவிடும்படி வைத்திருக்கிறார். போன மாதம், பதிவு செய்யும் பெண் ஈரக் கையோடு திரையைத் தள்ளியதில் ஓர் உறுப்பினரின் 96 கிலோ காணாமல் போய்விட்டது. மாலையில் பணம் கணக்கிடும்போதுதான் தெரிந்தது. பேச்சு வளர்ந்து, இரண்டு வீட்டாரும் இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்த வசதியையே எடுத்துவிடச் சொல்லலாமா? வேறு வழி இருக்கிறதா?
- கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்

பதில்: எடுத்துவிட வேண்டியதில்லை. ஆனால் இப்போது இருக்கிறபடியே விட்டு வைக்கவும் கூடாது. அந்தப் பெண்ணின் கையை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. விரலை எடுப்பதற்கு முன்பே 'இதைச் செய்யப் போகிறேன்' என்று திரை சொல்லியிருக்க வேண்டும். செய்த பிறகு திருப்பிக்கொள்ள வழியும் இருந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாததால்தான் 96 கிலோ போனது.

வரியை விரலால் பக்கவாட்டில் தள்ளுவதை 'ஸ்வைப்' என்கிறார்கள். நாற்பது, ஐம்பது பேர் வரிசையில் நிற்கும் காலை நேரத்தில் இது நல்ல வசதி. ஒவ்வொரு வரியையும் திறந்து, பொத்தானைத் தேடி அழுத்தி, மறுபடி வெளியே வரும் வேலை மிச்சமாகிறது. வசதியைக் காப்பாற்றிக்கொண்டு ஆபத்தை நீக்குவதுதான் வழி.

விரல் ஏன் தவறுகிறது?

கைபேசித் திரையின் கண்ணாடிக்கு அடியில் மெல்லிய மின்புலம் இருக்கிறது. மின்சாரத்தைக் கடத்தும் விரல் நெருங்கியதும் அந்தப் புலம் மாறுகிறது. அதை வைத்துத்தான் விரல் எங்கே இருக்கிறது என்று கைபேசி அறிகிறது. தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும். எனவே ஈரக் கையால் தொட்டால், வழிகிற நீரையும் விரல் என்றே திரை எடுத்துக்கொள்ளக்கூடும். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன, உலர்ந்த விரலோ சில நேரம் திரைக்குச் சரியாகத் தெரிவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கையில் கைபேசியைப் பிடித்து அதே கையின் கட்டை விரலால் பட்டியலை மேலே நகர்த்தும்போது, விரல் நேர்கோட்டில் போவதில்லை. வில் போல வளைந்து போகும். மேலே நகர்த்த நினைத்தவர் தன்னை அறியாமலே பக்கவாட்டிலும் தள்ளிவிடுகிறார். கொள்முதல் மையத்தில் இதெல்லாம் தினமும் நடக்கும் என்று வைத்துக்கொண்டே செயலியை எழுத வேண்டும்.

திரை என்ன காட்ட வேண்டும்?

நெல்லுக்கு இலை வண்ண அட்டை பார்த்து யூரியா போடுபவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அட்டையை இலையோடு ஒப்பிட்டு, நிறத்தைப் பார்த்த பிறகுதானே உரத்தில் கை வைக்கிறோம்? அதுபோல, விரல் நகரும்போதே வரிக்கு அடியில் நிறம் தெரிய வேண்டும்.

1. வரி விரலோடு சேர்ந்தே நகர வேண்டும். விரல் எவ்வளவு போகிறதோ அவ்வளவு. அப்போதுதான், தான் எதையோ இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது கைக்குத் தெரியும்.

2. வரி விலகும் இடத்தில் நிறமும், படமும், சொல்லும் தெரிய வேண்டும். வலப்பக்கம் தள்ளினால் பச்சை, சரிக்குறி, 'எடை சரி' என்ற சொல். இடப்பக்கம் தள்ளினால் சிவப்பு, 'ரத்து' என்ற சொல். நிறம் மட்டும் போதாது. வெயிலில் திரை வெளிறும். சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க இயலாதவர்களும் நம்மிடையே உண்டு.

3. எல்லையைத் தாண்டியதும் ஒரு மாற்றம் வேண்டும். நிறம் அடர்த்தியாகலாம், படம் பெரிதாகலாம், கைபேசி ஒருமுறை மெல்ல அதிரலாம். 'இப்போது விரலை எடுத்தால் வேலை நடந்துவிடும்' என்பதற்கான அறிகுறி அது. அதற்கு முன் விரலைப் பின்னால் கொண்டுவந்தால் வரி பழைய இடத்துக்கே திரும்பிவிட வேண்டும்.

4. வேலை முடிந்ததும் திரையின் அடியில் ஒரு பட்டை வர வேண்டும். 'பதிவு எண் 27, 96 கிலோ ரத்து செய்யப்பட்டது' என்று எழுதி, பக்கத்தில் 'மீட்க' என்ற பொத்தான். மின்னி மறையக் கூடாது. படித்துப் புரிந்து விரலைக் கொண்டுபோக, பத்து விநாடியாவது நிற்கட்டும்.

பில் புத்தகம் காட்டும் வழி

இந்த நான்கையும் விட முக்கியமானது ஒன்று உண்டு. எடைக் கணக்கை அழிக்கவே கூடாது. காகிதப் பில் புத்தகத்தில் தவறு நேர்ந்தால் தாளைக் கிழித்து எறிவதில்லை. குறுக்கே கோடு போட்டு 'ரத்து' என்று எழுதி, இரண்டு படிகளையும் புத்தகத்திலேயே வைக்கிறோம். வரிசை எண் விடுபடாமல் இருந்தால்தான் தணிக்கையில் கேள்வி வராது. உறுப்பினருக்கும் நம்பிக்கை இருக்கும். செயலியிலும் அதே முறை வேண்டும். இடப்பக்கம் தள்ளினால் வரி உடனே போய்விடக் கூடாது. பாதி விலகி நின்று 'திருத்து', 'ரத்து' என்ற இரண்டு பொத்தான்களைக் காட்டட்டும். 'ரத்து' அழுத்தினாலும் வரி குறுக்குக் கோட்டோடு பட்டியலிலேயே இருக்கட்டும். யார், எத்தனை மணிக்கு, எதனால் ரத்து செய்தார் என்பதும் பதிவாகட்டும். வலப்பக்கம் தள்ளி 'எடை சரி' என்று குறிப்பதை ஒரே தள்ளில் முடிக்கலாம். தவறினாலும் அதில் நட்டமில்லை.

செயலி எழுதும் தம்பிக்கு

இந்தப் பகுதியை அவரிடம் காட்டுங்கள். ஃபிளட்டரில் எழுதியிருந்தால் 'டிஸ்மிஸ்ஸிபிள்' என்ற பகுதியைப் பயன்படுத்தியிருப்பார். அதில் வரியின் அகலத்தில் நூற்றுக்கு 40 பங்கு தள்ளினாலே நீங்கிவிடும். சொல்லாமல் விட்டால் இருக்கும் அளவு அது. ஆண்ட்ராய்டின் 'ரீசைக்ளர்வியூ' பட்டியலில் அது 50 பங்கு. ஆனால் அளவைக் கூட்டினால் மட்டும் போதாது. வேகமாகச் சுண்டிவிட்டால், அந்தத் தூரம் வராமலே வரி போய்விடும். எனவே ஃபிளட்டரில் 'கன்ஃபர்ம்டிஸ்மிஸ்' என்ற இடத்தில் நிறுத்திக் கேட்க வேண்டும். அங்கே 'இல்லை' என்று பதில் வந்தால் வரி தானே திரும்பி வந்துவிடும். ஆண்ட்ராய்டில் வரிக்கு அடியில் நிறமும் படமும் வரைய 'ஆன்சைல்ட்டிரா' என்ற இடம் இருக்கிறது.

ஒவ்வொரு வரிக்கும் அடையாளமாகப் பதிவு எண்ணையே கொடுக்க வேண்டும். 'மேலிருந்து மூன்றாவது' என்று வரிசையை அடையாளமாக வைத்தால், புதுப் பதிவு ஒன்று மேலே சேர்ந்ததும் மூன்றாவது வேறொருவர் ஆகிவிடுவார். ஒருவரைத் தள்ள இன்னொருவரின் எடை போகும்.

2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், திரையின் இடது அல்லது வலது விளிம்பிலிருந்து விரலை உள்ளே இழுத்தால் 'பின்னால் போ' என்று பொருள்படும் முறை உண்டு. விளிம்பில் தொடங்கும் தள்ளலும் இதுவும் மோதும். வரியின் நடுப்பகுதியிலிருந்து தள்ளப் பழக்குங்கள்.

சிக்னல் இல்லாத இடத்தில் செய்த மாற்றம் கைபேசியிலேயே காத்திருக்கும். அந்த வரியில் 'இன்னும் அனுப்பவில்லை' என்ற குறி தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அலுவலகக் கணக்கு ஒன்றும் மையத்துக் கணக்கு ஒன்றுமாக நிற்கும்.

களத்தில் ஒரு சோதனை

புது விதையை முதலில் ஒரு பாத்தியில் போட்டுப் பார்ப்பதுபோல, திருத்திய செயலியை முதலில் ஆறு பேரிடம் கொடுங்கள். வயதானவர் ஒருவர், கண்ணாடி அணிபவர் ஒருவர், கைபேசிக்குப் புதியவர் ஒருவர் அவர்களில் இருக்கட்டும். பழைய, கீறல் விழுந்த கைபேசியில், உச்சி வெயிலில், கை கழுவிய ஈரத்தோடு, பொய்யான எடைகளைப் பதியச் சொல்லுங்கள். எப்படிச் செய்வது என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. எங்கே தயங்குகிறார்கள், எங்கே தவறித் தள்ளுகிறார்கள் என்று தம்பி அருகில் நின்று குறித்துக்கொள்ளட்டும். தவறியவர், யாரையும் கேட்காமல் தானே மீட்டுக்கொண்டால் செயலி தேறியது.

ஒவ்வொரு எடைக்கும் உறுப்பினருக்கு ஒரு சீட்டோ குறுஞ்செய்தியோ உடனே போகட்டும். மாலையில் கணக்கு முடிக்குமுன் அன்றைய ரத்துப் பட்டியலை எல்லோருக்கும் முன்னால் வாசித்துவிடுங்கள். இரண்டு வீட்டாரையும் மையத்துக்கே அழைத்து, தவறு எப்படி நேர்ந்தது என்பதைத் திரையிலேயே செய்து காட்டுங்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தால் மனம் இளகும்.

கேள்வி: பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்த எண் குறுஞ்செய்தியாக வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் பட்டு ஓரமாகப் போய் மறைந்துவிட்டது. திரும்பக் கிடைக்குமா?
- நாகப்பட்டினம் மாவட்ட வாசகி

பதில்: பெரும்பாலும் கிடைக்கும், பதற வேண்டாம். கூகுள் மெசேஜஸ் செயலியில், அமைப்பை நீங்கள் மாற்றாதவரை, பட்டியலில் உள்ள செய்தியைத் தள்ளினால் அது அழியாது. 'ஆர்கைவ்' என்ற தனி இடத்துக்குப் போகும். செயலியின் மெனுவில் 'ஆர்கைவ்டு' என்பதைத் தொட்டால் அங்கே இருக்கும். அதே செயலியின் அமைப்புகளில் 'ஸ்வைப் ஆக்‌ஷன்ஸ்' என்ற பகுதி உண்டு. அங்கே 'டெலீட்' என்று இருந்தால் உடனே மாற்றுங்கள், அல்லது இந்த வசதியையே நிறுத்திவிடுங்கள். ஜிமெயிலிலும் தள்ளிய கடிதம் வழக்கமாக ஆர்கைவுக்கே போகிறது. 'ஆல் மெயில்' பகுதியில் தேடினால் கிடைக்கும்.

செய்தி கிடைக்காவிட்டாலும், பொதுச் சேவை மையத்தில் பதிவு செய்திருந்தால் அவர்கள் தந்த ரசீதில் விண்ணப்ப எண் இருக்கும். இனி இப்படிப்பட்ட எண் வந்ததும் ஒரு தாளில் எழுதி, சிட்டா, வங்கிப் புத்தகத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: அப்பாவின் கைபேசியிலிருந்து யார் யாருக்கோ அழைப்பு போகிறது. தான் யாரையும் அழைக்கவில்லை என்கிறார். கைபேசி பழுதா?
- தேனி மாவட்ட வாசகர்

பதில்: பழுதாக இருக்க வேண்டியதில்லை. சாம்சங் கைபேசி என்றால் காரணம் எளிது. அதில் தொடர்புப் பட்டியலில் ஒரு பெயரை வலப்பக்கம் தள்ளினால் அழைப்பு போகும். இடப்பக்கம் தள்ளினால் குறுஞ்செய்தி எழுதும் இடம் திறக்கும். பெயரைத் தேடி விரலை நகர்த்தும்போது இது நேர்ந்துவிடுகிறது. பல மாடல்களில் அமைப்புகளுக்குள் சென்று இதை நிறுத்தி வைக்கலாம். நிறுத்துவதற்கு முன் அப்பாவிடம் ஒருமுறை மெதுவாகத் தள்ளிக் காட்டி, பாதியில் விரலைப் பின்னால் கொண்டுவந்தால் அழைப்பு போகாது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். தான் மறதியால் அழைக்கவில்லை என்று அறிந்தால் அவருக்கும் ஆறுதலாக இருக்கும்.