சாய்ந்த பலாமரத்தை நாமே அறுக்கலாமா?

''காற்றில் கொல்லைப் பலாமரம் வேரோடு சாய்ந்துவிட்டது. மெஷின் ரம்பத்தை வாடகைக்கு எடுத்து நாங்களே அறுக்கலாமா?''
- வாசகர், ஒரத்தநாடு.

''ரம்பம் பிடித்துப் பழகியவர் வீட்டில் இருந்தால் அறுக்கலாம். இல்லையென்றால், கூலி போனாலும் பரவாயில்லை, ஆள் வைத்து அறுங்கள். 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் கரை கடந்த பிறகு, இப்படிச் சாய்ந்த மரங்களை டெல்டாவில் நிறையவே பார்த்தோம். நிற்கிற மரத்தைவிட, விழுந்த மரம்தான் ஆபத்து.

மின்கம்பியில் மரம் பட்டிருந்தால், மின்வாரியத்தினர் லைனை நிறுத்தும் வரை கிட்டே போகாதீர்கள். முதலில் கிளைகளைக் கழியுங்கள். அடிமரத்தை அறுத்ததும், பாரம் குறைந்த வேர்க்கட்டை சட்டென நிமிர்ந்து குழிக்குள் உட்கார்ந்துவிடும். அந்தக் குழியில் பிள்ளைகளோ, ஆடு, மாடுகளோ நிற்கக் கூடாது. இரண்டு முனையும் தாங்கி, நடுவில் தொங்கும் கட்டையை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து அறுத்தால் ரம்பம் சிக்காது. ரம்பத்தின் நுனி மரத்தில் பட்டால், மெஷின் முகத்தை நோக்கி எகிறும். கைலி, துண்டு வேண்டாம். பேன்ட், ஷூ, கண்ணாடி அவசியம்.

பலா, தஞ்சாவூர் வீணைக்கே ஆகும் மரம். விறகாக்கிவிடாதீர்கள். பலகையாக அறுத்து, இடையில் ரீப்பர் வைத்து நிழலில் அடுக்குங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே ஆசாரியிடம் கொடுங்கள். ஈரப்பலகையில் செய்த கதவு கோணிக்கொள்ளும்.''