குப்பியை அழுத்த ஒரு கை



நலோக்சோன் என்று ஒரு மருந்து இருக்கிறது. சின்ன பிளாஸ்டிக் குப்பி. ஹெராயின், ஃபென்டனில் போன்ற போதைப்பொருள் அளவு மீறிப்போய் மூச்சு அடங்கிக்கொண்டிருப்பவரின் மூக்கில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினால், பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பிவிடும். அமெரிக்காவில் 2023 முதல் டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கலாம். ஆனால் மயங்கிக் கிடப்பவர் அதைத் தனக்குத் தானே போட்டுக்கொள்ள முடியாது.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துச் செய்திகளைப் படித்த நாளிலிருந்து அந்தக் குப்பிதான் மனதில் நிற்கிறது. அந்நகரச் செய்தி நிறுவனமான 'பால்டிமோர் பேனர்' நிருபர்கள் நியூயார்க் டைம்ஸுடன் சேர்ந்து போதை மரணங்கள் பற்றி எழுதிய தொடர். 2025இல் புலிட்சர் பரிசு பெற்றது. ஐம்பதுகளின் நடுவிலிருந்து எழுபதுகள் வரை வயதுள்ள கறுப்பின ஆண்கள் அந்த நகர மக்களில் 7 சதவீதம்தான். போதை மரணங்களிலோ கிட்டத்தட்ட 30 சதவீதம் அவர்கள். போதை என்றால் கல்லூரிப் பையன்கள் என்று நினைத்துப் பழகிய எனக்கு அந்தக் கணக்கை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது.

இவர்களில் பலர் நேற்று கெட்டுப்போனவர்கள் அல்ல. இளவயதில், ஆலை வேலைகள் ஒவ்வொன்றாகக் கைநழுவிய ஊரில், ஹெராயினைத் தொட்டவர்கள். அதோடேயே வேலை, சிறை, குடும்பம் என்று நாற்பது ஆண்டு ஓட்டியவர்கள். பிறகு தெருவில் ஹெராயின் இருந்த இடத்துக்கு அதைவிட 50 மடங்கு வீரியமுள்ள ஃபென்டனில் வந்தது. கை பழைய அளவையே எடுத்தது.

மீள வழி இல்லாமல் இல்லை. மெத்தடோன் என்ற சிகிச்சை மருந்து இருக்கிறது. ஆனால் நீண்ட காலம், தொடக்கத்தில் தினமும் கிளினிக்கில் வரிசையில் நின்று, நர்ஸ் கண்ணெதிரே குடிக்க வேண்டியிருந்தது. மூட்டுவலிக்காரர் பஸ் பிடித்துப் போய் நிற்க வேண்டியிருந்தது. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு மெடிகேர் அந்தக் கிளினிக் செலவை ஏற்கத் தொடங்கியதே 2020இல்தான். 'இந்த வயதில் என்ன திருத்துவது' என்ற அலட்சியம் என்றே இதை நான் சொல்வேன்.

பால்டிமோரின் முதியோர் குடியிருப்புகளில், பூட்டிய கதவுக்குப் பின்னால் செத்தவர்கள் பலர். அடுத்த வீட்டில் குப்பி இருந்திருக்கலாம்.

நம் அடுக்ககங்களிலும் தனியாக இருக்கும் பெரியவர்கள் உண்டு. காலையில் போட்ட பால் பாக்கெட் மத்தியானம் வரை வாசலிலேயே கிடந்தால், போய்த் தட்டுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் தட்டுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்