உலர்ந்த திராட்சையும் உழவன் பங்கும்

அறுவடை முடிந்ததும் குடியானவனுடைய கவலையும் முடிந்துவிடும் பயிர்கள் சில உண்டு. உலர்ந்த திராட்சை அந்த வகையைச் சேர்ந்ததன்று. பழம் கொடியில் கனிந்து, இனிப்பேறி, கைக்கு வந்த பிறகுதான் அவனுடைய பெருங்கவலை ஆரம்பமாகிறது. பறித்த பழம் காய்ந்து வற்றலாவதற்கு வேண்டிய இரண்டு மூன்று வாரங்களுக்குள் ஒரு மழை வந்துவிட்டால், வருஷம் முழுவதும் பட்ட பாடு சேற்றோடு சேறாகிவிடும். இந்த அபாயத்தை வெல்வதற்கு உலகத்தின் பல பாகங்களில் விஞ்ஞானிகளும் விவசாயிகளும் செய்திருக்கும் புதுமைகள் மிகவும் வியக்கத்தக்கவை. ஆனால் அவற்றின் பலன் யாரைச் சேர்ந்தது என்னும் கேள்வியை நம் தேசத்தார் கேட்டாக வேண்டிய காலம் வந்திருக்கிறது. சாங்கிலியிலும் சோலாப்பூரிலும் விஜயபுரத்திலும் நம் சகோதர விவசாயிகள் அதே மேகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

முதலில் விஷயத்தைத் தெளிவாக அறிந்துகொள்வோம். ஏறத்தாழ நாலு ராத்தல் பழம் காய்ந்தால் ஒரு ராத்தல் வற்றல் கிடைக்கும். புதுப் பழத்தில் முக்காற்பங்குக்கு மேல் நீர். காய்ந்த திராட்சையிலோ நூற்றுக்கு 15 பங்கு அளவே நீர் நிற்கலாம். அதற்கு மேல் நின்றால் பூசணம் பிடிக்கும். இந்த நீர் எளிதில் வெளியேறாதபடி, பழத்தின் தோலின்மேல் இயற்கை ஒரு மெல்லிய மெழுகுப் பூச்சைப் பூசி வைத்திருக்கிறது. கொடியிலிருக்கும் பழத்துக்கு அது கவசம்; உலர்த்துகிறவனுக்கு அது தடை. தடையை நீக்கும் உபாயத்தை முன்னோர் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டிருந்தார்கள். சாம்பற்காரம் கரைத்த நீரில் எண்ணெய் கலந்து அதில் பழக்குலையை முக்கியெடுக்கும் வழக்கத்தை, கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியின் விவசாய நூலாசிரியரான கொலுமெல்லா குறித்து வைத்திருக்கிறார். இன்று சாங்கிலி விவசாயி, ஒரு லிட்டர் நீருக்கு 25 கிராம் பொட்டாசியம் கார்பனேட்டும் 15 மில்லிலிட்டர் எத்தில் ஓலியேட்டும் கலந்து, பழத்தைச் சில நிமிஷங்கள் முக்கியெடுக்கிறான். மருந்தின் பெயர் மாறியிருக்கிறது, தத்துவம் மாறவில்லை. மெழுகின் அமைப்புக் குலைந்து நீர் விரைவாக வெளியேறுகிறது. பழமும் கறுக்காமல் பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தோடு காய்கிறது.

இனி ஐக்கிய அமெரிக்காவைப் பார்ப்போம். கலிபோர்னியாவில் இத்தொழிலை நிலைநாட்டிய விதையில்லாத் திராட்சை, மேற்காசியாவில் 'கிஷ்மிஷ்' என்றும் 'சுல்தானினா' என்றும் பழம்பெயர் பெற்ற ஜாதியாகும். வில்லியம் தாம்சன் என்னும் ஆங்கிலேயக் குடியேற்றக்காரர் 1870-களில் அங்கே அதைப் பயிரிட்டுப் பரப்பியபடியால், 'தாம்சன் சீட்லெஸ்' என்ற பெயர் அதற்கு வழங்கலாயிற்று. பிரெஸ்னோ நகரைச் சுற்றிலும் லட்சக்கணக்கான ஏக்கரில் இப்பயிர் பரவியது. ஆகஸ்டு மாதக் கடைசியில் குலைகளைக் கையால் அறுத்து, வரிசைகளுக்கு நடுவே காகிதத் தட்டுகளில் பரப்பி, சில நாட்கள் கழித்துத் திருப்பிவிட்டு, காய்ந்ததும் தட்டைச் சுருட்டியெடுப்பார்கள். சீனர், ஜப்பானியர், ஆர்மீனியர், பிலிப்பினோக்கள், மெக்ஸிகர் முதலிய பல ஜாதியாரும், நம் பஞ்சாபிச் சகோதரரும் அந்தப் புழுதியிலும் வெப்பத்திலும் குனிந்து உழைத்திருக்கிறார்கள். சில வாரங்களுக்கே நீடிக்கும் அந்த அறுவடைக்குப் பல்லாயிரம் கூலியாட்கள் ஒரே சமயத்தில் தேவைப்பட்டார்கள். ஆள் கிடைக்கத் தாமதமானால் அறுவடை செப்டம்பருக்குள் தள்ளும். செப்டம்பரில் மழை வரக்கூடும். 1976-லும் 1978-லும் அப்படியே வந்தது. தரையில் காய்ந்துகொண்டிருந்த விளைச்சலில் பெரும் பகுதி நாசமாயிற்று.

"பழத்தைத் தரையில் ஏன் போட வேண்டும்? கொடியிலேயே காயவிட்டால் என்ன?" என்ற கேள்விக்கு விடை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. விக்டோரியா மாகாணத்து மெர்பீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள், பழம் கனிந்ததும் குலை தாங்கும் கிளையை மாத்திரம் அடியில் வெட்டிவிட்டுப் பந்தலிலேயே தொங்கவிடும் முறையை ஆராய்ந்து விருத்தி செய்தார்கள். வேரிலிருந்து நீர் வருவது நின்றுவிடுகிறது. காரமும் எண்ணெயும் கலந்த நீரைத் தெளித்தால் பழம் இன்னும் விரைவாக வற்றுகிறது. காய்ந்த பிறகு யந்திரம் வந்து உதிர்த்துக்கொண்டு போகிறது. தரையில் படாத பழத்தில் மண்ணும் கல்லும் சேருவதில்லை. மழை பெய்தாலும், தொங்கும் குலையைக் காற்று உலர்த்திவிடுவதால் தீங்கு குறைகிறது.

கலிபோர்னியாவில் இம்முறை நன்கு வேரூன்றுவதற்குப் புதிய ஜாதிகள் வேண்டியிருந்தன. தாம்சன் ஜாதி கனிவதற்குத் தாமதமாவதால், வெயில் தணியுமுன் கொடியில் காய்ந்து முடியாது. அமெரிக்க விவசாய இலாகாவின் விஞ்ஞானிகள் 1973-ல் 'பியஸ்டா', 1995-ல் 'டோவைன்', 2001-ல் 'செல்மா பீட்' என்னும் முந்திக் கனியும் ஜாதிகளை வெளியிட்டார்கள். செல்மா பீட் தாம்சனுக்கு இரண்டு வாரங்கள் அளவு முன்னதாகவே கனிகிறது. பார்லியர் ஆராய்ச்சி நிலையத்தில் டேவிட் ராம்மிங் உண்டாக்கிய 'சன்பிரீம்' இவற்றையெல்லாம் மிஞ்சியது. கிளையை வெட்டாமலே அதன் பழம் கொடியில் தானாகக் காய்ந்து நிற்கிறது! தரையில் உலர்த்தும் தோட்டத்தில் ஏக்கருக்கு இரண்டு டன் வற்றல் கிடைக்குமாயின், உயரப் பந்தலிட்டுக் கொடியில் உலர்த்தும் தோட்டத்தில் அதைப்போல் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் கிடைக்கிறது.

இவ்வளவு நன்மைகள் இருந்தும், புதிய முறை ஒரே வீச்சில் எங்கும் பரவிவிடவில்லை. காரணம் வெளிப்படை. பழைய பந்தலைப் பிடுங்கிப் புதிய பந்தல் போடவும், புதுக் கொடி நட்டு அது பலன் தரும்வரை காத்திருக்கவும் கையில் பணம் வேண்டும். பத்திருபது ஏக்கர் வைத்துக்கொண்டு, விலை ஏறுமா இறங்குமா என்று அறியாமல், கடனோடு காலந்தள்ளும் குடும்பத்துக்கு அந்தச் சக்தி எங்கிருந்து வரும்? யந்திரமும் ஜாதியும் இருந்தன. அவற்றை வாங்கும் வசதி எல்லாருக்கும் இல்லை. கூலி உயர்ந்து விலை உயராத வருஷங்களில் பலர் கொடிகளைப் பிடுங்கியெறிந்துவிட்டு வாதுமை மரம் நட்டார்கள். 2000-ம் வருஷத்தில் இருந்ததில் பாதிக்கும் குறைவான பரப்பிலேயே இன்று கலிபோர்னியாவில் உலர் திராட்சைக் கொடிகள் நிற்கின்றன. வற்றல் உற்பத்தியில் துருக்கி முன்னே சென்றுவிட்டது. புதுமை தொழிலைக் காத்திருக்கலாம். அதற்குள் தொழிலாளிகளில் அநேகரும் தோட்டக்காரர்களில் அநேகரும் அதைவிட்டு வெளியேறிவிட்டார்கள்.

சிறு விவசாயிகள் ஒன்றுகூடினால் இந்தக் கஷ்டம் தீராதா என்று கேட்கலாம். தீரும் என்பதே நமது திடமான அபிப்பிராயம். 1912-ல் பிரெஸ்னோவில் ஆரம்பமாகிப் பின்னர் 'சன்-மெய்ட்' என்று பெயர் பெற்ற விவசாயிகளின் சங்கம், கூட்டுறவினால் என்ன சாதிக்கலாம் என்பதற்குக் கண்கண்ட சாட்சி. ஆயினும் கூட்டுறவு வேறு, பலவந்தம் வேறு. இந்த வித்தியாசத்தை அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பான ஒரு வழக்கு நன்கு விளக்குகிறது. 1949-ல் ஏற்பட்ட உத்தரவின்படி, விலை விழாமலிருக்கும் பொருட்டு, விளைச்சலில் ஒரு பங்கைச் சர்க்கார் கமிட்டி கேட்கும்போது ஒதுக்கிக் கொடுத்துவிட வேண்டும். 2002–03-ல் அப்பங்கு நூற்றுக்கு 47. அடுத்த வருஷம் 30. முதல் வருஷத்தில் கைக்கு வந்த தொகை உற்பத்திச் செலவுக்குக்கூடக் காணாது. அடுத்த வருஷமோ ஒன்றுமே வரவில்லை. மார்வின் ஹார்ன் என்ற விவசாயி கொடுக்க மறுத்தார். பழத்தின் விலையும் அபராதமுமாகச் சேர்ந்து ஆறரை லட்சம் டாலருக்கு மேல் அவர்மேல் விதிக்கப்பட்டது. விவகாரம் பல கோர்ட்டுகள் ஏறி, 2015 ஜூனில் முடிவாயிற்று. நிலத்தைப் போலவே விளைபொருளையும் நியாயமான நஷ்டஈடின்றிச் சர்க்கார் எடுத்துக்கொள்ளலாகாது என்று பிரதம நீதிபதி ராபர்ட்ஸ் தீர்ப்புரைத்தார். குடியானவனுடைய தானியத்தை அதிகாரிகள் விலையின்றி எடுப்பதைத் தடுத்த 1215-ம் வருஷத்து மாக்னா கார்ட்டாவையும் அவர் எடுத்துக் காட்டினார். விலையைத் தாங்கும் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். அதன் சுமை முழுவதையும் விளைவித்தவன் தலையில் வைப்பது நீதியாகாது.

இப்பொழுது நமது தேசத்துக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடையதேனும், விதையுள்ளதாகையால் பழமாகவே செலவாகிறது. நம் வீடுகளில் பாயசத்துக்கும் பொங்கலுக்கும் வாங்கும் உள்நாட்டு உலர்ந்த திராட்சை பெரும்பாலும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வட கர்நாடகத்திலிருந்தும் வருவது. சாங்கிலித் திராட்சைக்கு 2016-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தாஸ்-ஏ-கணேஷ், சோனாக்கா, மாணிக் சமன் என்னும் புகழ்பெற்ற ஜாதிகள், பெரிய ஆராய்ச்சிசாலைகளில் பிறந்தவையல்ல. தாம்சன் கொடிகளிடையே தோன்றிய மாறுதல்களைத் தங்கள் தோட்டத்தில் கூர்ந்து கவனித்து, பொறுக்கியெடுத்துப் பெருக்கிய தக்காண விவசாயிகளின் கண்டுபிடிப்புகள். இந்த அறிவுள்ள மக்களுக்கு வேண்டியது உபதேசமன்று, வசதி.

அவர்களுடைய முறையும் சிறந்ததே. பக்கங்கள் திறந்த கொட்டகையில், அடுக்கடுக்காகக் கட்டிய வலைகளின்மேல் பழத்தைப் பரப்பி, நிழலில் ஏறத்தாழ இரண்டு வாரம் காயவைக்கிறார்கள். முக்குவதும் பரப்புவதும் பொறுக்குவதும் பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையுள்ள வறண்ட காற்றை நம்பி நடக்கும் தொழில் இது. ஆனால் சமீப வருஷங்களில் பருவந்தப்பிய மழை அடிக்கடி அந்த மாதங்களில் வந்து தாக்குகிறது. ஈரக்காற்றில் பழம் பழுப்பேறுகிறது. பச்சை நிறத்துக்கு உயர்ந்த விலை கொடுக்கும் சந்தையில் பழுப்புப் பழம் கேட்பாரற்றுப் போகிறது. வாங்கிய கடனோ பழுப்பேறாமல் அப்படியே நிற்கிறது!

இதற்குப் பரிகாரமாக நாம் கூறுவது நான்கு.

முதலாவது, ஈரக்காற்று வீசும் நாட்களில் உதவக்கூடிய உலர்த்தும் யந்திரங்களைக் கிராமக் கூட்டுறவுச் சங்கங்களின் பொதுச் சொத்தாக அமைக்க வேண்டும். தனித்தனியே வாங்க முடியாததை ஐம்பது குடும்பங்கள் சேர்ந்தால் வாங்கலாம்.

இரண்டாவது, புனேக்கு அருகில் மாஞ்சரியில் 1997 முதல் நடந்துவரும் தேசியத் திராட்சை ஆராய்ச்சி நிலையம், கொடியிலேயே உலரும் ஜாதிகள் தக்காணத்துக்கு ஏற்றவையா என்பதை விவசாயிகளின் தோட்டங்களிலேயே சோதித்துக் காட்ட வேண்டும். அங்கே அறுவடை முடிந்ததும் ஏப்ரலில் கொடியைக் கவாத்துச் செய்வது ஏற்கெனவே வழக்கம். ஆகவே கிளையை வெட்டுவது புதிய காரியமன்று. கடும் வெயிலில் பச்சை நிறம் நிற்குமா என்பதே கடினமான பிரச்னை. அதற்கு விடை காண்பது விஞ்ஞானிகளின் கடமை.

மூன்றாவது, காய்ந்த சரக்கைக் குளிர்பதனக் கிடங்கில் வைத்து, அந்த ரசீதின்மேல் குறைந்த வட்டிக்குக் கடன் பெறும் வசதி ஒவ்வொரு சிறு விவசாயிக்கும் எட்ட வேண்டும். அறுவடை வாரத்தில் பணமுடையால் விற்பவன், வியாபாரி சொன்ன விலைக்கே விற்பான். சரக்கை ஒதுக்கி வைப்பது விலையைக் காக்குமானால், அதை அவனே தன் இஷ்டத்தின்படி, தன் பெயரில், தன் லாபத்துக்காக ஒதுக்கட்டும்.

நான்காவது, யந்திரம் வருமிடத்தில் கூலியாளின் கதி என்னவென்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். வெளுப்பதற்காக இடும் கந்தகப் புகை அளவோடிருப்பதும், அப்புகையில் நின்று வேலை செய்யும் பெண்களுக்குப் பாதுகாப்பு இருப்பதும், உண்பவருக்கும் உழைப்பவருக்கும் ஒருங்கே நன்மை. தரம் பிரித்தல், பொட்டலமிடுதல் முதலிய தொழில்கள் கிராமத்திலேயே நடந்தால், பந்தலடியில் போகும் வேலை கொட்டகையில் திரும்பி வரும்.

"இவற்றுக்கெல்லாம் பணம் எங்கே?" என்று அதிகாரிகள் கேட்கக்கூடும். மழையில் ஒவ்வொரு முறையும் அழியும் பழத்துக்கு நிவாரணமென்று பிற்பாடு அளக்கும் பணத்தில் ஒரு பகுதியை முன்னதாகவே செலவிட்டால் போதும் என்பது நமது பதில். கொடி மழையை அறியாது. குடியானவன் அறிந்தும் தடுக்க இயலாது. தடுக்கும் வித்தையோ உலகத்தில் இருக்கிறது. அந்த வித்தை பணமுள்ளவனுடைய வேலிக்குள் நின்றுவிடாமல், இரண்டு ஏக்கர் தோட்டம் வைத்திருப்பவனுடைய கொட்டகைவரை சென்று சேரும்படி செய்வதே சர்க்காரின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது விவசாய சங்கங்களின் கடமை. அடுத்த மாசி மாதத்து மேகம் திரளுமுன் இருசாராரும் வேலையைத் தொடங்குவார்களாக.