மணலும் ஓலையும் திரையும்

கல்விக்கு உதவும் கருவிகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. மணல், ஓலை, அச்சுநூல், கைப்பேசித் திரை என அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. புதிய கருவி வரும்போதெல்லாம், ‘இனிக் கல்வி அழிந்தது’ என வருந்துவோரும், ‘இனி ஆசிரியரே வேண்டா’ என மகிழ்வோரும் தோன்றுவர். இரு சாராரும் கருவியையே நோக்குகின்றனர். அக்கருவி மாணவனுக்கு எவ்வுழைப்பை விட்டுவைக்கிறது என்பதை அவர்கள் நோக்குவதில்லை.

1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற மைந்தர்க்கென ஏற்பட்ட பள்ளியின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார் ஏற்றார். உள்ளூர்த் திண்ணைப்பள்ளியில் சிறுவர் மணலைப் பரப்பி, விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். தம் பள்ளியிலும் அம்முறையைப் புகுத்த விரும்பினார். ஆசிரியர் இசைந்தாரில்லை. பெல் சோர்ந்துவிடவில்லை, சிறுவன் ஒருவனையே மற்றச் சிறுவர்க்குக் கற்பிக்க அமர்த்தினார். முயற்சி வென்றது. 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியே அது ‘சென்னை முறை’ என்னும் பெயரோடு இங்கிலாந்தில் பரவியது.

மணலோ விலையற்ற பொருள். எதனையும் காத்து வைப்பதன்று. கையால் தடவினால் எழுத்து மறைந்துவிடும். ஆகவே, சிறுவன் தன் நெஞ்சிலேயே எழுத்தைக் காத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பிறர்க்குக் கற்பித்த சிறுவனோ இருமடங்கு கற்றான். திண்ணைப்பள்ளியின் பிரம்படியைப் பழிப்போர் பலர், அது பழிக்கத்தக்கதே. ஆயினும், அங்கே சட்டாம்பிள்ளையாய் இருந்தவன் கற்பித்துக் கற்றான் என்பதை மறத்தலாகாது.

ஓலை மணலினும் மேம்பட்ட கருவி. எழுதியதைக் காத்து வைப்பது. ஆயினும் அதுவும் படிப்போனை வாளா விட்டதில்லை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சி, ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியிடாது விட்டனர். எகர ஏகார வேறுபாடும் அதனால் மறைந்தது. ‘எரி’ என்பதும் ‘ஏரி’ என்பதும் ஏட்டில் ஒன்றே. ஒன்று நெருப்பு, மற்றொன்று நீர்நிலை! எதனைக் கொள்வது? முன்னும் பின்னும் நோக்கி, பொருளறிந்து, படிப்போனே தெளிதல் வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் இவ்வெழுத்துகளை வேறுபடுத்தி எழுத வழி வகுத்தார்.

அச்சு தமிழகத்திற்குப் புதிதன்று. 1578இலேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழெழுத்தில் அச்சாயிற்று. எனினும், 1835இல் அச்சகம் நடத்துவதற்கிருந்த தடைகள் நீங்கிய பின்னரே தமிழ்ப் புலவர்தம் பதிப்புப் பணி பெருகிற்று. ஏட்டைப் பார்த்தெழுதும் உழைப்பை அச்சு போக்கியது. மனப்பாடஞ் செய்யும் தேவையையும் குறைத்தது. இஃது இழப்பே எனினும், கொள்ளத்தக்க இழப்பு. செல்லரித்த ஏட்டோடு அழிந்திருக்க வேண்டிய நூல்கள் பிழைத்தனவன்றோ?

கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏடுகள் பலவற்றைத் தேடித் தொகுத்து, பாடங்களை ஒப்புநோக்கினார். அவ்வளவும் செய்தும் நூலின் சமயக் கருத்துகள் சில அவருக்கு விளங்கவில்லை. அவ்வூரில் வாழ்ந்த சமணர்களை நாடி, கேட்டுத் தெளிந்தார். எழுத்தை ஏடு தந்தது. பொருளோ அந்நெறியில் வாழ்ந்த மக்களிடம் இருந்தது. ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டாலன்றி அது கிடைப்பதற்கில்லை.

அன்று ஊரூராய் அலைந்து தேடிய நூலை இன்று ஒரு சிறுமி இமைப்பொழுதில் திரையில் காண்கிறாள். இதனை இகழ்தல் அறியாமை. வண்டிப் பயணத்தில் கழிந்த நாள்கள் கல்வியல்ல. கல்விக்காகச் செலுத்திய வரி. வரி நீங்கியது நன்றே. ஆனால், தேடித் தருவதோடு நில்லாமல் கட்டுரையையே எழுதித் தரும் பொறியும் இன்று வந்துள்ளது. அதனிடம் தன் பாடத்தை ஒப்படைக்கும் மாணவன், தான் பசித்திருக்கத் தனக்காகப் பிறனை உண்ணச் சொல்பவனை ஒப்பான். மதிப்பெண் வரலாம், பசி தீராது.

இதற்காகத் திரையை வகுப்பிலிருந்து ஓட்ட வேண்டுவதில்லை. ஆசிரியர் ஒருவர் பழைய ஏட்டில் உள்ளவாறே, புள்ளியின்றி, இரண்டு வரிகளைக் கரும்பலகையில் எழுதட்டும். அகராதியைத் திரையில் தேட மாணவர்க்கு உரிமை உண்டு. எப்பாடம் கொள்ளத்தக்கது என்பதையும், ஏன் என்பதையும் ஒவ்வொருவரும் எழுந்து சொல்லல் வேண்டும். எரியா, ஏரியா என்று அவ்வகுப்பில் எழும் வழக்கு, மணி அடித்த பின்னும் தாழ்வாரம் வரை தொடர்ந்து செல்லும்.