இரண்டாம் வரிசையில் ஓர் ஆச்சி

காஞ்சியில் கோர்வைப் பட்டு நெய்யும் தறியின் அருகே நின்று பார்த்த வாசகர்கள் இதனை அறிவர். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். நாடாக்கள் மூன்று. ஆதலின் நெசவாளர் தனியே நெய்ய இயலாது. பக்கத்தில் ஒருவர் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுத்தல் வேண்டும். புடவையைப் போற்றுவோர் அந்த இரண்டாம் கையைப் பற்றி விசாரிப்பதேயில்லை.

திரைப்படத்திலும் இப்படி ஓர் இரண்டாம் கை உண்டு. அன்னையாக, அண்டை வீட்டுக்காரியாக, வேலைக்காரியாக வந்து கதையைத் தாங்கிச் செல்லும் குணச்சித்திர நடிகையைத்தான் சொல்கிறோம். ஹாலிவுட்டின் தெல்மா ரிட்டர் ஆறு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறையேனும் அப்பரிசைப் பெறவில்லை. நம் நாட்டில் இவ்வரிசையில் தலையாயவர் மனோரமா.

1937 மே 26 அன்று மன்னார்குடியில் பிறந்தவர், இயற்பெயர் கோபிசாந்தா. தந்தையின் ஆதரவை இழந்த தாய், மகளுடன் செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் குடியேறி, வீட்டு வேலை செய்து வளர்த்தார். சிறு வயதிலேயே மேடையேறிய மகள் ‘பள்ளத்தூர் பாப்பா’ எனப் பெயர் பெற்றார். பின்னாளில் நாடகக் குழுவிலேயே திருமணம் நடந்தது. குழந்தை பிறந்த சில காலத்தில் கணவர் விலகினார். தாயும் மகனும் இவர் உழைப்பை நம்பியே வாழ்ந்தனர். நகைச்சுவை நடிகை என்று சிலர் இளக்காரமாகக் கூறுவதுண்டு. இந்த வீட்டுக் கணக்கை அறிந்தால் அவ்வாறு கூறமாட்டார்கள்.

கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’ (1958) அவருக்குத் திரையின் கதவைத் திறந்தது. 1963-இல் ‘கொஞ்சும் குமரி’ படத்தில் கதாநாயகியாகவும் நடித்தார். எனினும் நிலைத்தது இரண்டாம் வரிசையே. நம் ஊர் அறிஞர் அண்ணாவுடன் மேடையில் நடித்தவர் என்றும், அவரோடு சேர்த்து ஐந்து முதலமைச்சர்களுடன் நடித்தவர் என்றும் பலர் பெருமையுடன் கூறுவர். உண்மைதான், ஆயினும் அதுவே அவருடைய பெருமையென்று நாம் எண்ணவில்லை.

1968-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஏ. பி. நாகராஜனின் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜி, பத்மினி என்னும் இரு மலைகளுக்கு இடையே ஜில் ஜில் ரமாமணியாக அவர் வந்தார். கொட்டகை நடிகையின் அலங்காரம், குழைவு, பேச்சின் இழுப்பு; அத்தனை சிரிப்புக்கும் அடியில் மதிப்பிற்கு ஏங்கும் ஓர் உள்ளம். அந்த வாழ்வை அவர் எங்கும் தேடிக் கற்க வேண்டியதில்லை. அதே ஆண்டில் ‘பொம்மலாட்டம்’ படத்தில் சென்னைத் தமிழில் பாடி நடித்தார். பள்ளத்தூரில் வளர்ந்தவர் என்று யார் நம்புவர்?

1989-இன் ‘புதிய பாதை’ அவருக்குத் துணை நடிகைக்கான தேசிய விருதைத் தந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள், கின்னஸ் சாதனை, 2002-இல் பத்மஸ்ரீ.

2015 அக்டோபர் 10 அன்று, தமது 78-ஆம் வயதில், சென்னையில் காலமானார். அந்நாட்களில் ஒரு மாலை நமது தெருவில் பட்டு நூல் இழைக்கும் பெண்கள், தொலைக்காட்சியில் ரமாமணியின் குரல் கேட்டதும் ராட்டையை நிறுத்தியதைக் கண்டோம். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீண்டும் ராட்டையைச் சுற்றத் தொடங்கினார்.