பூட்டுப் படத்தை நம்பி நாய்க்குச் சாப்பாடு வாங்காதீங்க

ஆன்லைன்ல ஏமாறுறது யாருன்னு கேட்டா, நம்ம கிளாஸ்ல பாதிப் பேர் "வயசானவங்க, படிக்காதவங்க"ன்னு சொல்வாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. "நான் இன்ஜினியரிங் படிக்கிறேன், என்னை எவன் ஏமாத்துவான்"ங்கிற நினைப்புதான் பெரிய ஓட்டைன்னு நினைக்கிறேன். அதுவும் வீட்டுல நாயோ பூனையோ இருந்தா, அந்த ஓட்டை இன்னும் பெரிசாகும்.

ஏன்னா செருப்பு வாங்கும்போது ரெண்டு நாள் யோசிப்போம். நாய்க்கு உண்ணி ஏறி ராத்திரியெல்லாம் சொறிஞ்சுக்கிட்டு இருந்தா யோசிக்க மாட்டோம். வாலாஜாபாத்ல எல்லா பிராண்டும் கிடைக்காது. காஞ்சிபுரமோ செங்கல்பட்டோ பஸ் ஏறணும். ஒரகடத்துல ஷிஃப்ட் வேலை பார்க்கிற அண்ணன்களுக்குக் கடை திறந்திருக்கிற நேரமே ஒத்து வராது. அதனால எல்லாரும் போனை எடுக்கிறோம். இன்ஸ்டாகிராம்ல ஒரு விளம்பரம், பத்து கிலோ மூட்டை பாதி விலைக்கு, "இன்னும் 14 நிமிஷம்தான்"னு ஓடுற கடிகாரம். அவசரம் நம்ம பக்கம் ஏற்கெனவே இருக்கு. அவன் அதைக் கொஞ்சம் தள்ளிவிட்டாப் போதும்.

"சைட்டுல பூட்டு இருந்துச்சே, எச்டிடிபிஎஸ் இருந்துச்சே"ன்னு நிறைய பேர் சொல்றாங்க. நெட்வொர்க்ஸ் பேப்பர் படிச்ச நமக்கே இது தெரியணும். அந்தப் பூட்டு சொல்றது ஒண்ணுதான்: உங்க போனுக்கும் அந்த சர்வருக்கும் நடுவுல யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. அந்த சர்வர் திருடனோடதா, வியாபாரியோடதான்னு அது சொல்லவே இல்லை. 2015லேயே லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை இலவசமா கொடுக்க ஆரம்பிச்சிடுச்சு. ஜனங்க பூட்டைத் தப்பா புரிஞ்சுக்கிறாங்கன்னு 2023ல குரோம் அந்தப் படத்தையே எடுத்துடுச்சு. அழகான டிசைனும் சாட்சி இல்லை. ஒரு நல்ல கடை சைட்டை நம்ம ஹாஸ்டல் பசங்களே ஒரு ராத்திரியில போட்டுடுவாங்க.

அப்போ என்ன பார்க்கணும்? சைட்டைப் பார்க்காதீங்க, பணம் யாருக்குப் போகுதுன்னு பாருங்க.

2020ல வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்படி, ஆன்லைன்ல விக்கிறவங்க தங்களோட சட்டப்படியான பேர், முகவரி, தொடர்பு எண், குறைதீர் அதிகாரி விவரம் எல்லாத்தையும் காட்டணும். வெறும் வாட்ஸ்அப் நம்பர் மட்டும் இருந்தா அங்கேயே வெளிய வந்துடுங்க. ஜிஎஸ்டி எண் போட்டிருந்தா அதை எடுத்து ஜிஎஸ்டி தளத்துல தேடுங்க. 15 எழுத்து, முதல் ரெண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. ஆனா எண் உண்மையா இருந்தா மட்டும் போதாது, வேற கடையோட எண்ணைக்கூடத் திருடிப் போடலாம். தளத்துல வர்ற பேரும் முகவரியும் சைட்டுல இருக்கிறதோட ஒத்துப் போகணும். டொமைன் எப்போ பதிவாச்சுன்னு ஹூ-இஸ்ல பாருங்க. "பத்து வருஷமா உங்கள் நம்பிக்கை"ன்னு எழுதியிருக்கிற கடையோட டொமைனுக்கு மூணு வாரம்தான் வயசுன்னா, கதை முடிஞ்சது. கடைசியா, பின் போடுறதுக்கு முன்னாடி யுபிஐ ஆப் காட்டுற பேரைப் படிங்க. கடைப் பேருக்குப் பதிலா யாரோ ஒரு தனி ஆள் பேர் வந்தா நிறுத்திக் கேளுங்க. எல்லாம் சேர்த்து அஞ்சு நிமிஷம்.

"கேஷ் ஆன் டெலிவரிதானே, என்ன ஆயிடும்"னு கேட்பீங்க. பெரும்பாலும் பணம் கொடுத்த பிறகுதான் பெட்டியைப் பிரிக்கிறோம். உள்ள செங்கல் இருந்தாலும் கொண்டு வந்த தம்பி என்ன பண்ணுவாரு?

மருந்துல பணத்தைவிடப் பெரிய ஆபத்து இருக்கு. நாய்களுக்கான சில உண்ணி மருந்துகள்ல பெர்மெத்ரின் இருக்கும். அது பூனை மேல பட்டா உயிருக்கே ஆபத்து. லேபிள் கிழிஞ்ச, தயாரிப்பாளர் பேர் இல்லாத பாட்டில்ல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? மருந்தை மட்டும் கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்து, கடையில நேர்ல வாங்குங்க. அம்பது ரூபா மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

குட்டி வாங்குறதுலயும் இதே வலைதான். 2022 ஏப்ரல்ல, இல்லாத பாசெட் ஹவுண்ட் குட்டிகளைக் காட்டிப் போலி சைட் நடத்தினதா கேமரூன்ல இருக்கிற ஒருத்தர் மேல கூகுளே அமெரிக்காவுல வழக்குப் போட்டுச்சு. இங்க அது ராஜபாளையம், சிப்பிப்பாறைக் குட்டின்னு வரும். முதல்ல அட்வான்ஸ், அப்புறம் கூண்டுக் காசு, அப்புறம் "திரும்பக் கிடைக்கிற" இன்சூரன்ஸ். குட்டி மட்டும் வராது. 2017 நாய் இனப்பெருக்க விதிகள்படி எட்டு வாரத்துக்குக் குறைஞ்ச குட்டியை விக்கவே கூடாது. வளர்த்து விக்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்க, நேர்ல போய்ப் பாருங்க. ரெண்டுக்கும் சாக்குச் சொன்னா விட்டுடுங்க.

இவ்வளவுக்கு அப்புறமும் யாராவது மாட்டலாம். அப்போ நாம நடந்துக்கிற விதம் பத்தித்தான் எனக்கு முக்கியமான வருத்தம். பணம் போன உடனே 1930க்கு போன் பண்ணினா, அது கைமாறுறதுக்குள்ள வங்கி நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்லயும் புகார் பதியலாம். நேரம் போகப் போக அந்த வாய்ப்பு குறையும். நமக்குத் தெரியாம நடந்த பரிவர்த்தனைக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கிற பாதுகாப்பை, நாமளே பின் போட்டு அனுப்பின பணத்துக்குச் சுலபமா கேட்க முடியாது. அதனால இங்க வேகம்தான் எல்லாம்.

அந்த வேகத்தை எது கெடுக்குது? நம்ம கேலி. "ஆயிரத்து எட்நூறுக்கு நாய் பிஸ்கட் வாங்கி ஏமாந்தியா மச்சி"ன்னு குரூப்ல மீம் போடுவாங்கன்னு பயந்து, ஒருத்தன் ரெண்டு நாள் வாயே திறக்க மாட்டான். மூணாவது நாள் சொல்லும்போது பணம் நாலு அக்கவுன்ட் தாண்டியிருக்கும். திருடனுக்கு அந்த ரெண்டு நாளைக் கொடுத்தது யாரு?

அடுத்த தடவை உங்க ரூம்மேட் தயங்கித் தயங்கி வந்து சொன்னா, சிரிப்பை அப்புறம் வெச்சுக்கோங்க. முதல்ல 1930 அடிச்சு போனை அவன் கையில கொடுங்க.